மல்லாட்டை சரியான விடைதான்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சமைப்பாளா, தைப்பாளா, கோயில் பாட்டுக்குழுவில் பாடுவாளா என்பதையெல்லாம் அவருடைய அம்மா கேட்டு முடித்துவிட்டு, "உனக்கு இன்னா கேக்கணுமோ கேட்டுக்கடா" என்று மகன் பக்கம் திரும்பினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம ஜில்லாவுக்குத் தலைநகர் எது?"

நான் பன்னிரண்டாவது பாஸ் செய்தவள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு, "கடலூர்" என்றேன் கணீரென்று.

"கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் கரெக்டு. இப்ப விழுப்புரம்" என்றார் அவர். அது 1993. தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராக்கியது அப்போதுதான். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்கும் பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் அறிவிப்பில் சொன்னால்தான் எங்களுக்கு எதுவும் செய்தி. சாமியார் அதைச் சொல்லவில்லை.

தப்பாகச் சொன்ன பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று என் அம்மாவுக்குக் கவலை. எனக்கோ, இந்த ஆளை நானே வேண்டாம் என்று சொன்னால் என்ன என்று இருந்தது. ஆனால் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் தன் அம்மாவிடம், "தப்பா சொன்னாலும் பயப்படாம சொன்னாங்க, பாத்தியா?" என்றது என் காதில் விழுந்தது. அதற்காகத்தான் சரி என்றேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. மோதிரம் மாற்றி முடிந்ததும் அவர் என் பக்கம் குனிந்து, இந்த விரலிலிருந்து நேராக இதயத்துக்கு ஒரு நரம்பு போகிறது என்று அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் நம்பினார்கள், ஆனால் அப்படி ஒன்றும் கிடையாது என்று கிசுகிசுத்தார். "சும்மா இருங்க, சாமியார் பாக்கறாரு" என்றேன். தாலி கட்டிய புருஷனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு அந்தச் 'சும்மா இருங்க'வை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

திண்டிவனத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு டைப்ரைட்டரும் உண்டு. மற்ற கடைக்காரர்கள் வாசலில் கரும்பலகை வைத்தால் விலை எழுதுவார்கள், இல்லாவிட்டால் கடன் கேட்காதே என்று எழுதுவார்கள். இவர் தினம் காலையில் கடையைத் திறந்து, பெருக்கி, பலகையை ஈரத்துணியால் துடைத்து, மேலே 'இன்றைக்கு அஞ்சு' என்று எழுதி, அதன் கீழே ஐந்து தகவல் எழுதுவார். பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி அல்ல, கான்பெரா. ஒழுங்காக மூடி வைத்த தேன் கெட்டுப்போவதில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். அறிவியல், சரித்திரம், பூகோளம், விளையாட்டு, ஏதாவது ஒரு வேடிக்கை என்று கலந்துகட்டி இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு வேலை இல்லாமல் படிப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்திக்கொண்டு எழுதிக்கொள்வார்கள்.

எங்கிருந்துதான் அத்தனையும் பிடித்தாரோ! பழைய பேப்பர், காலண்டர் தாள், பஜ்ஜி சுற்றி வந்த காகிதம், எதையும் விடமாட்டார். பஜ்ஜி ஆறிப்போகும், இவர் எண்ணெய்க் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டு நிற்பார். உள்ளூர் விஷயமும் பலகையில் வரும். திருவக்கரையில் பாறை மாதிரிக் கிடப்பதெல்லாம் கல்லாகிப்போன மரங்கள் என்று ஒருநாள் எழுதியிருந்தார். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒரு அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அய்ய, அது மேலதாங்க நாங்க சின்னதுல குந்திக்கினு ஆடு மேப்போம். மரம்னு யாருக்குத் தெரியும்?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அன்று பூரா இவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

ஊரே பேசிக்கொண்டது மல்லாட்டை எழுதிய அன்றுதான். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதை ஏதோ படிக்காதவர்கள் பேச்சு என்றுதான் நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் மல்லாட்டை என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டு நிலக்கடலை என்று மேலே எழுதுவார்கள். இவர் என்ன எழுதினார் என்றால், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலா, அங்கிருந்து வந்த கொட்டை என்று மணிலாக்கொட்டை ஆனது, அதுதான் நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோகிற விவசாயிகள் மாட்டு வண்டியை, டெம்போவை நிறுத்திவிட்டு வந்து படித்துவிட்டுப் போனார்கள். "பாத்தியா, நம்மது ஃபாரின் பேரு" என்று ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வெளியில் இருப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. கூடக் குடித்தனம் செய்கிறவளுக்கு அது பேஜாரு. பால் வாங்கி வாருங்கள் என்றால் பசுவைப் பற்றிச் சொல்வார். பருப்பு தீர்ந்துவிட்டது என்றால் பருப்பு எந்தெந்த நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது என்பார். நான் மசக்கையில் குடம் குடமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, "கடல்குதிரைல ஆம்பளைதான்மே வயித்துல சொமக்குது" என்றார். "அப்ப அடுத்ததை நீங்களே பெத்துக்குங்க" என்றேன். அடுத்தது பிறக்கவில்லை. ஒரே மகள்தான்.

சண்டை போட்டிருக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரையும் மட்டம் தட்டுவதற்காக எதையும் சொன்னதில்லை. வாழைப்பழம் வாங்கினால் பாதியைப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பாரே, அதே மாதிரிதான் தகவலையும் கொடுத்தார்.

2013 வாக்கில், ஒரு ஆடி மாதத்துக் காலை. நான் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நாலாவது தகவல் பாதியில் எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியது. சாக்பீஸ் விழுந்து உடைந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "த… த… த…" என்று வந்தது.

"காலங்காத்தால இன்னா விளையாட்டு இது?" என்றேன். அப்போதுதான் அவருடைய வலது கை தொங்குவதைப் பார்த்தேன். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் பிழைத்தது. கால் மெதுவாகத் திரும்பியது, பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கை பாதிதான் வந்தது, அதனால் எழுத முடியாது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் உள்ளேதாம்மா இருக்கு. புத்திக்கு ஒண்ணும் ஆகல. அந்த வார்த்தையைத் தேடி எடுக்கிற இடம் அடி வாங்கியிருக்கு. பயிற்சி கொடுத்தா வரலாம். எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

தெரிந்ததெல்லாம் உள்ளே இருக்கிறதாம், வெளியே வராதாம். மற்றவர்களுக்கு எப்படியோ, இவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியுமா என்று நினைத்து ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கர்த்தரோடு கொஞ்சம் சண்டையும் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் முழு வேதனையும் தெரிந்தது. 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தலை 'இல்லை' என்று ஆடும். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவார், நான் மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன், அவர் அதைத் தட்டிவிடுவார். கோபமே வராத மனிதர் அவர். ஒரே ஒரு அதிசயம், சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மட்டும் எங்களோடு சேர்ந்து தட்டாமல் தடுமாறாமல் சொல்வார். மாதா புதுமை செய்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஆமென் சொன்னதோடு வார்த்தை நின்றுவிடும். மனப்பாடமாக நாக்கில் ஊறிப்போனது தானாக வருகிறது, அவ்வளவுதான் என்று பிறகு சொன்னார்கள்.

விழுப்புரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள்தான் அங்கேயே ஸ்பீச் தெரபி கொடுக்கிற இடத்தை விசாரித்து வந்தாள். வாரா வாரம் நான் அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். கடையை அன்று அரை நாள் மூடிவிடுவேன். மற்ற நாட்களில் நான்தான் கடை. ஜெராக்ஸ் மெஷினை எனக்கு ஓட்டத் தெரியும், மெஷினுக்கும் என் அடி தெரியும்.

பயிற்சி கொடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயது, நல்ல பொறுமை. கையில் ஒரு கட்டு படங்கள் வைத்திருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்னங்க சார்?" என்று கேட்கும். அவர் படத்தைப் பார்ப்பார், உதடு அசையும், நெற்றியில் நரம்பு புடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தாங்காது. "குடை" என்பேன். "கத்திரிக்கோல்" என்பேன். "யானைங்க, யானை" என்பேன்.

"அம்மா, நீங்க நல்லாவே பேசறீங்க. உங்களுக்குப் பயிற்சி வேண்டாமுங்க" என்றது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே. அடுத்த வாரமும் நான் அடங்கவில்லை. கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லிவிட்டது. எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவள் நான், நேற்று வந்த பெண் என்னை வெளியே உட்கார வைக்கிறதா என்று முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

அப்படியே மாதங்கள் போயின. பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. சில படங்களுக்கு 'ம்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல் பேச்சு வருவது நின்றுவிடும் என்று பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்து ஏதோ சொல்லப் பார்த்தார். என்னவென்று எனக்கும் புரியவில்லை, அவருக்கும் வரவில்லை.

ஒரு நாள் நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த நாள் சமையலுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவருடைய குரல் கேட்டது.

"மல்லா… மல்லா…"

"சொல்லுங்க சார், இன்னொரு தடவை பாருங்க" என்றது அந்தப் பெண்.

"மல்லா…" குரல் உயர்ந்தது.

"மல்லாக்கவா? மல்லாக்கப் படுக்கணுமா சார்? தலை சுத்துதுங்களா?" நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இருங்க, இருங்க, கட்டில்ல படுத்துக்கலாம். அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க!"

நான் உள்ளே ஓடினேன். அந்தப் பெண் அவருடைய தோளைப் பிடித்துக் கட்டில் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் வரமாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு படம். இரண்டு மூன்று முழுக் காய், தோல் உரித்த பருப்பு கொஞ்சம்.

"அய்யோ, அவருக்கு ஒண்ணும் இல்லம்மா! அவரு சரியாத்தான் சொல்லிக்கினு இருக்காரு! மல்லாட்டை! எங்க ஊர்ல இதுக்கு மல்லாட்டைதான்!" என்று கத்தினேன்.

அந்தப் பெண் படத்தைத் திருப்பிப் பார்த்தது. பின்னால் 'நிலக்கடலை' என்று எழுதியிருந்தது. "எங்கூர்ல கடலைக்காய்ன்னு சொல்லுவோமுங்க. இப்படி ஒரு பேரு நான் கேட்டதே இல்லீங்களே" என்றது. அதற்கு முகமே சிவந்துவிட்டது. மெதுவாக அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தது. "சார், நீங்க சொன்னது கரெக்டுங்க. மல்லாட்டை. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, உதடு சிரித்தது. பிறகு யாரும் கேட்காமலே, அவராகவே, வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்.

"ம… ணி… லா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கேயே, அந்தச் சின்ன அறையில், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு 'இன்றைக்கு அஞ்சு' பலகையைப் பற்றி அழுகையும் சிரிப்புமாகச் சொல்லி முடித்தேன். அது முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை ஏனுங்கம்மா முதல் நாளே சொல்லல?" என்றது.

"எங்க சொல்ல வுட்ட? வெளியதான உக்கார வச்ச" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரிப்புச் சத்தத்தை நான் அந்த வருஷத்தில் முதல் முறையாக அன்றுதான் கேட்டேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அடுத்த வாரத்துக்குள் படங்களின் பின்னால் இருந்த பெயர்களை எங்கள் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிவிட்டது. கேழ்வரகு கேப்பை ஆனது. சந்தேகம் வந்தால் பெஞ்சில் இருக்கிற என்னைக் கூப்பிட்டுக் கேட்கும். வீட்டில் செய்ய ஒரு வேலையும் கொடுத்தது. "அவருக்குப் பிடிச்ச கேள்விகளாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்க பேசவே கூடாதுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி. அவருக்கு வார்த்தை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருங்க."

எனக்கு ஜல்தி ஜல்தி என்று எல்லாம் நடக்க வேண்டும். காத்திருப்பது என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. இருந்தாலும் ஆரம்பித்தேன். காலையில் காலண்டர் தாளைக் கிழித்து அதில் இருக்கிறதைக் கேட்பேன், பேப்பரில் இருக்கிறதைக் கேட்பேன். கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கீரை ஆய்வேன். கீரை முழுக்க ஆய்ந்து முடித்து, கழுவி, அடுப்பில் வைத்த பிறகு, "கான்… பெரா" என்று கூடத்திலிருந்து குரல் வரும். நான் கரண்டியோடு ஓடிவந்து, "கரெக்டு!" என்று கத்துவேன்.

பலகையில் நான் எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. ஒருநாள் பூச்சிகளிலேயே வலை பின்னத் தெரிந்தது சிலந்திதான், அதற்கு ஆறு கால் என்று நானாக எழுதிவிட்டேன். பூச்சி என்றால் ஆறு கால்தானே என்று ஒரு கணக்கு. பின்னாலிருந்து கைத்தடி தரையில் தட்டியது. "எட்டு" என்றார். பிறகு, "பூச்சி… இல்ல" என்றார். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் என்னைத் திருத்தியது தேன் குடித்த மாதிரியும் இருந்தது.

வருஷம் ஓடியது. தலைநகரங்கள் வந்தன. இதயங்களும் வயிறுகளும் கால்களும் வந்தன. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை சேர்ந்தும் வந்தது. ஆனால் வீட்டுப் பேச்சு மட்டும் வரவில்லை. பசிக்கிறது, ஃபேனைப் போடு, இங்கே வா, இது எதுவும் வரவில்லை. அதற்கெல்லாம் இன்னும் கைஜாடைதான். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கைத்தடியால் தரையைத் தட்டுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம் கொட்டினேன். "மங்கோலியாவுக்குத் தலைநகர் சொல்றாரும்மா. எனக்கு அது வாயிலகூட நுழையல. ஆனா கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச வரல. ஊருக்குப் பதில் சொல்றாரு, எங்கிட்டதான் பேச்சு இல்ல. இப்படியேதான் இருப்பாரா?"

அந்தப் பெண் படக் கட்டை அடுக்கி ஓரமாக வைத்தது. "அவர் தினம் எழுதி எழுதிப் பதிஞ்சதுங்கம்மா அந்த விஷயமெல்லாம். அது முதல்ல வருது. கேள்வின்னா பதில் சொல்லலாம், வழி இருக்கு. அவரா ஒரு பேச்சை ஆரம்பிக்கிறது அதைவிடக் கஷ்டமுங்க. வரும்னு நான் நம்பறேன். ஆனா அதுக்கு நான் படம் காட்ட முடியாது" என்றது. பொய் சொல்லி என்னைத் தேற்றாமல் விட்டதே, அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. இருக்கிறதை வைத்துச் சந்தோஷப்படுவோம் என்று முடிவு செய்துகொண்டேன். மனிதர் உயிரோடு இருக்கிறார், கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் வந்து கேள்வி கேட்டால் நிதானமாகப் பதில் சொல்கிறார். எத்தனை வீட்டில் இதுகூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் ராத்திரியில் விளக்கை அணைத்தபின், என்னிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று இருக்கும்.

அரசாங்க வேலைப் பரீட்சைக்கு அறிவிப்பு வந்த சமயம் அது. அப்படிப்பட்ட நாட்களில் எங்கள் கடையில் மூச்சு விட இடம் இருக்காது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் கூட்டம். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று ஆளுக்கு ஒரு கட்டு. மகள் அப்போது சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். நான் ஒற்றை ஆள். மெஷின் சூடேறி நின்றுபோகும், நான் அதன் விலாவில் ஒரு தட்டு தட்டுவேன், திரும்ப ஓடும். வெளியே அவர் நாற்காலியைச் சுற்றி ஐந்தாறு பெண் பிள்ளைகள் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் அவ்வப்போது என் காதில் விழுந்தது. காலையில் அவருக்கு இட்லி ஊட்டி மாத்திரை கொடுத்துவிட்டு வந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. கடைசியாக நின்ற பிள்ளைகளும் பஸ் வந்ததும் ஓடிவிட்டார்கள். நான் மெஷினை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வந்து விழுந்தேன். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. உதடு அசைந்தது. வழக்கமாக அப்படி அசைந்தால் நான் ஒரு பட்டியலே வாசிப்பேன், தண்ணியா, பாத்ரூமா, வெயில் படுதா என்று. அன்று எனக்கு அதற்குக்கூடத் தெம்பு இல்லை. என்னவோ வேண்டும் போல, கையைக் காட்டட்டும், எழுந்து எடுத்துக் கொடுப்போம் என்று இருந்துவிட்டேன். ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நெற்றியில் அந்த நரம்பு எழும்பியிருந்தது. இடது கை என் முழங்கை மேல் வந்து உட்கார்ந்தது.

"நீ…" என்றார்.

நான் திரும்பினேன்.

"நீ… சாப்ட்டியாம்மே?"

இந்த மனுஷன் என்னைப் பார்த்த நாள் முதலாகக் கேட்ட கேள்விகள் கொஞ்சமா நஞ்சமா! பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. இதற்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். உதடு கோணியது, அந்த ஒரு வார்த்தை வருவேனா என்றது.

அவர் அவசரப்படுத்தவில்லை. என் முழங்கையில் இருந்த கையை எடுக்காமல், என் முகத்தைப் பார்த்தபடி, நான் சொல்லும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தார்.